பழ ஆன்ட்டி மகள் பழம் தின்ன மாட்டாள்

பிள்ளைகளுக்குப் பழத்தை வைத்து விளையாட்டுக் காட்டுகிற தொழிலுக்கு வேண்டியது மூன்றே மூன்றுதான்: ஒரு துணிப்பை, கண்ணைக் கட்ட ஒரு துப்பட்டா, தலையில் பப்பாளி விழுந்தாலும் சிரிக்கிற முகம். முதல் இரண்டும் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் கிடைக்கும். மூன்றாவதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் பேர் ராஜி. பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியிலேயே ஒட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பம். பிறந்தநாள், ஸ்கூல் லீவு, மழையில் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு ஆட்டம் போடுகிற பிள்ளைகள், இப்படி ஏதாவது சாக்கு வைத்து என்னைக் கூப்பிடுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய் இரண்டு மணி நேரம் பழத்தோடு விளையாட விடுவேன். தொடலாம், மோந்து பார்க்கலாம், உருட்டலாம், விதையைத் துப்பலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது. அந்த இரண்டு மணி நேரமும் அந்த வீட்டில் யாரும் 'தின்னு' என்று சொல்லக் கூடாது. அம்மா, அப்பா, நான், யாருமே! இதுதான் என் சட்டம். சொல்லாமல் விட்டுப் பாருங்கள், கை தானாக வாய்க்குப் போகும். நான் போன வீடுகளில் ஒரு கடியாவது கடிக்காத பிள்ளையை இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நான் 'பழ ஆன்ட்டி'.

நறுக்கிய ஆப்பிள் தட்டோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடிய அம்மாக்களே, அப்பாக்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான். நானும் உங்கள் கட்சிதான். இத்தனை நாள் வெளியே மூச்சு விடாத ரகசியம் ஒன்று உண்டு. என் மகள் மீனுவுக்கு ஆறு வயசு. அவள் பழம் தின்ன மாட்டாள். ஒரு துண்டுகூட. வாயில் திணித்தால் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் வாஷ்பேசினில் துப்பிவிடுவாள். இது வெளியே தெரிந்தால் எவள் என்னைக் கூப்பிடுவாள்? சரி, தொழிலை விடுங்கள். ஊர்ப் பிள்ளையெல்லாம் கையில் சாறு வழியத் தின்னும்போது, என் பிள்ளை வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெத்த மனசு கேட்கிறதா?

எலி

முதன்முதலாகக் கூப்பிட்டது தோப்பும்படியில் ஒரு ஃபிளாட்டில். அப்பு என்ற பையனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். பன்னிரண்டு பிள்ளைகள். துணிப்பைக்குள் பார்க்காமல் கையை விட்டு, தடவிப் பார்த்து, என்ன பழம் என்று சொல்ல வேண்டும். பிறந்தநாள் பையன் என்பதால் அப்புவுக்குத்தான் முதல் வாய்ப்பு. கையை விட்டான். கண் இரண்டும் முட்டை மாதிரி ஆயிற்று. "எலி!" என்று ஒரு அலறல். பை ஒரு பக்கம் பறந்தது, பழமெல்லாம் இன்னொரு பக்கம் உருண்டது. பிள்ளைகள் சோபா மேல், கட்டில் மேல், ஒருத்தன் கேக் வைத்த மேஜை மேலேயே ஏறிவிட்டான். சத்தம் கேட்டு அப்புவின் அப்பா துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

போச்சு, முதல் நாளே தொழிலுக்கு மங்களம் என்று நினைத்துக்கொண்டே சோபாவுக்கு அடியில் தவழ்ந்து போனேன். உள்ளே போட்டிருந்தது ரம்புட்டான் பழம். சிவப்பாக, உடம்பெல்லாம் முடியோடு, சமர்த்தாக மூலையில் கிடந்தது. முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். நகத்தால் தோலைக் கீறி இரண்டாகப் பிளந்தேன். வெள்ளை வெளேரென்று உள்ளே இருந்தது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்பு சோபாவிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கி வந்தான், ஒரு விரலால் தொட்டான், நக்கினான், அடுத்த நிமிஷம் வீடே அதிரக் கத்தினான்:

"ஆன்ட்டி, எலிக்குள்ள முட்டை இருக்கு! எனக்கு இன்னொரு எலி வேணும்!"

அப்பளத்தில் விழுந்த விதை

தர்பூசணி விதையை யார் ரொம்ப தூரம் துப்புகிறார்கள் என்பதுதான் என் விளையாட்டுகளிலேயே ராஜா. அம்மாக்களுக்குப் பிடிக்காது. பிள்ளைகளோ, எச்சில் துப்ப பெரியவர்களே அனுமதி கொடுத்த அந்த ஒரு நாளை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மாடி வீடு. மாடி வராந்தாவில் சாக்பீஸால் கோடு போட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். "ரெடி, துப்பு!" என்றதும் விதைகள் சரமாரியாகப் பறந்தன. உற்சாகத்தில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. கீழ் முற்றத்தில் அந்த வீட்டுக்காரம்மா புதுத் துணி விரித்து அப்பளம் காயப் போட்டிருந்தார். அவர் கொங்கணிக்காரர்; அப்பள விஷயத்தில் பொல்லாதவர் என்று தெருவுக்கே தெரியும். மாடிப்படியில் தட் தட்டென்று சத்தம் கேட்டது. ஏறி வந்தவர் கையில் ஒரு அப்பளம், அதன் நடுவில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறுப்பு விதை. பிள்ளைகளெல்லாம் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

அந்தம்மா சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். வராந்தாக் கம்பியையும் அதையொட்டி இருந்த செடிச் சட்டிகளையும் பார்த்தார். எட்டி முற்றத்தைப் பார்த்து மனசுக்குள் ஏதோ அளந்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலையாளத்தில் கேட்டார்:

"இவ்வளவு தூரம் துப்பினது யாரு? மத்தவங்க விதையெல்லாம் செடிச் சட்டியோட நின்னு போச்சு. அவனுக்குப் பரிசு கொடுக்கலைன்னா நான் சும்மா விடமாட்டேன்!"

உருளுமா?

எனக்குப் பழம் தருவது அஷ்ரஃப் இக்கா. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை இக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கடையில் நான் நிற்கிற நிலையைப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். ஆரஞ்சை எடுத்துப் பலகையில் உருட்டிப் பார்ப்பேன், பந்தயத்துக்கு நேராக உருள வேண்டுமே! மாம்பழத்தில் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, ஒன்று மூக்கு வைத்தது என்று பொறுக்குவேன். இரண்டு கையிலும் இரண்டு சீதாப்பழத்தை வைத்துக் கண்ணை மூடி எது கனம் என்று பார்ப்பேன். பின்னால் நிற்கிறவர்கள் இந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று விலகி நிற்பார்கள்.

இக்காவுக்கு என்மேல் ஒரு பிரியம். எவ்வளவு வாங்கினாலும் கடைசியில் ஒரு பேரக்கா, அதாவது கொய்யா, இல்லையென்றால் ஒரு சப்போட்டா எடுத்து, "இது மோளுக்கு" என்று பையில் போடுவார். அடுத்த தடவை தவறாமல், "மோள் தின்னாளா?" என்று கேட்பார். நான், "அதென்ன கேள்வி இக்கா, தோலைக்கூட விடலை" என்பேன். வேறென்ன சொல்ல? பழ ஆன்ட்டி மகள் கன்னத்தில் அடக்கித் துப்பிவிட்டாள் என்றா? மனுஷர் ஆசையாகக் கொடுத்ததை வீணாக்கவும் மனசு வராது. வீடு போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே நான் தின்றுவிடுவேன். அப்படி மகள் பேரில் நான் தின்ற பழத்துக்குக் கணக்கே கிடையாது. அன்றைக்கும் ஆரஞ்சை உருட்டிக்கொண்டிருந்தபோது இக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்:

"எல்லாரும் என்கிட்ட இனிக்குமான்னு கேப்பாங்க. நீ ஒருத்திதான் ராஜி, உருளுமான்னு கேக்கிறே!"

எட்டாவது சுளை

பழம் ஒளித்து வைத்துத் தேடும் விளையாட்டுக்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒளித்த இடங்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன். காகிதத்தில் எழுதினால் பிள்ளைகள் பிடுங்கிவிடும், போனில் எழுதினால் போனையே பிடுங்கிவிடும். அன்று ஃபோர்ட் கொச்சியில் ஒரு வீடு. சக்கைச் சுளை எட்டு, பலாச்சுளைதான், ஒவ்வொன்றையும் வாழையிலையில் சுற்றி வீடு முழுக்க ஒளித்தேன். பிள்ளைகள் மூக்கை நீட்டிக்கொண்டு பறந்தார்கள் பாருங்கள், போலீஸ் நாய் தோற்றது! ஏழு கிடைத்துவிட்டது. எட்டாவது எங்கே என்று உள்ளங்கையைப் பார்த்தால் முந்தின விளையாட்டின் மாம்பழச் சாற்றில் எழுத்து கரைந்து ஒரு நீலக் குளம் இருந்தது. யாரோ தின்றிருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக்காரர் எர்ணாகுளத்திலிருந்து போன் செய்தார். படகில் வரும்போதே பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரையே பார்த்தார்களாம். ஆபீஸ் மீட்டிங்கில் லேப்டாப் பையின் ஜிப்பைத் திறந்தாராம். அவ்வளவுதான், ஏசி அறை முழுக்க சக்கை மணம். மன்னிச்சுக்குங்க சார், லேப்டாப் ஒண்ணும் ஆகலையே என்று ஏதேதோ உளறினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"லேப்டாப்பை விடுங்க. மேனேஜரே பாதிச் சுளை தின்னுட்டார். நாளைக்கும் ஒளிச்சு வைப்பீங்களான்னு கேக்கச் சொல்றார்."

சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு போன்

இப்படி ஊரெல்லாம் கொடி பறந்துகொண்டிருக்கும்போதுதான் ஷீபா கூப்பிட்டாள். சுள்ளிக்கல்லில் வீடு. என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய ஐந்து வயசு மகள் அம்மு பழத்தைக் கண்டாலே ஓடிவிடுவாள். "நாலு பிள்ளைங்களையும் அம்மாக்களையும் கூப்பிடறேன் சேச்சி. ஒரே ஒரு உதவி. உங்க மோளையும் கூட்டிட்டு வாங்க. அவ தின்னறதைப் பார்த்தா அம்முவுக்கும் ஆசை வரும்" என்றாள். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வாய், வேறென்ன!

என் வீட்டுக்காரர், "மீனுவுக்கு வயித்து வலின்னு சொல்லிடு" என்று யோசனை சொன்னார். அதற்குள் மீனு பீரோவிலிருந்து மஞ்சள் ஃபிராக்கை எடுத்துக் கதவில் மாட்டிவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மற்றவர் வீட்டில் எதைச் சொல்லக் கூடாது என்று சட்டம் போடுகிறேனோ, அதையே அந்த வாரம் முழுக்க என் வீட்டில் சொன்னேன். தின்னு கண்ணு. ஒரே ஒரு மாதுளை முத்து தின்னு. அம்மாவுக்காகத் தின்னு. பாவம், அவளும் முயற்சி செய்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, வாயில் போட்டுக்கொண்டாள். முடியவில்லை. ஓடிப்போய்த் துப்பிவிட்டு, வாயைத் துடைத்தபடியே வந்து என் முன்னால் நின்றாள்:

"அம்மா, அங்க போய் நான் துப்பிட்டா, அப்புறம் உன்னை யாருமே கூப்பிட மாட்டாங்களா?"

அவுட்

அவளைக் கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் பையைத் தோளில் மாட்டி, மீனுவைக் கையில் பிடித்துக்கொண்டு சுள்ளிக்கல்லுக்கு ஆட்டோ ஏறினேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக்கூட நெஞ்சு அப்படி அடித்திருக்காது.

ஷீபா வீட்டு ஹாலில் ஆறு பிள்ளைகள், சுவரோரம் நாற்காலியில் அம்மாக்கள். எல்லார் கண்ணும் என் மகள் மேல்தான். முதலில் கண்ணைக் கட்டி, மோந்து பார்த்துப் பேர் சொல்லும் விளையாட்டு. மீனுவின் முறை வந்தது. அடடா, என்ன சொல்வேன்! "சப்போட்டா. அன்னாசி. இது பூவன், அது நேந்திரம். இது பேரக்கா, உள்ளே ரோஸ் கலர்" என்று ஒன்றையும் விடாமல் அடுக்கினாள். பேரக்காவை வெட்டிப் பார்த்தேன். ரோஸ் கலர்! நாலு வருஷமாகக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்த பிள்ளைக்கு மணம் தெரியாமலா இருக்கும்? அம்மாக்கள் கை தட்டினார்கள். "பழ ஆன்ட்டி மோள்னா சும்மாவா!" என்று ஒருத்தி சொல்ல, நானும் வெட்கமில்லாமல் சிரித்துவைத்தேன்.

அப்போது அம்மு கேட்டாள், "இதுல எது ரொம்ப ருசி?" மீனு கண்கட்டை அவிழ்த்தாள். பளிச்சென்று சொல்லிவிட்டாள்: "எனக்குத் தெரியாது. நான் பழமே தின்ன மாட்டேன்."

நான் திருதிருவென்று முழித்தேன். அவ்வளவுதான், மானம் கப்பலேறிவிட்டது என்று பையைத் தேடினேன். ஷீபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். "உங்க மோளும் தின்ன மாட்டாளா? ஹாவூ, இப்பத்தான் எனக்கு உயிர் வந்தது சேச்சி. இத்தனை நாள் உங்களைப் பார்த்தாலே எனக்குப் பயமா இருந்தது" என்றாள். மற்ற அம்மாக்களும் கிட்டே நகர்ந்து வந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இதற்குள் அம்முவுக்கு ஒரே கொண்டாட்டம். "நானும் தின்ன மாட்டேன்! நானும் தின்ன மாட்டேன்!" என்று மீனுவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். இரண்டும் மாம்பழத் துண்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டன. போனவை அங்கே ஒரு புது விளையாட்டே கண்டுபிடித்தன. சட்டம் போட்டது என் மகள். அந்தக் குரலை நான் இங்கிருந்தே கேட்டேன்: "வாயில வெச்சுக்கணும். கன்னத்துல அடக்கிக்கணும். தின்னா அவுட்!" கன்னத்தில் அடக்குவதில் அவளை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ஆனால் எதிரே அம்மு கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை உருட்டினாளாம். மீனுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள், கடித்தாள், முழுங்கிவிட்டாள். "அவுட்! அவுட்! மீனு முழுங்கிட்டா!" என்று அம்மு மேஜையே ஆடும்படி கத்தினாள்.

நான் துள்ளி எழுந்தேன். நாலு வருஷத் தவம்! "சபாஷ் கண்ணு, இன்னும் ஒண்ணு தி..." என்று வாயைத் திறந்தேன், ஷீபாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. "சேச்சி, சட்டம்!" என்றாள். நான் போட்ட சட்டத்தை எனக்கே ஞாபகப்படுத்துகிறாள்! பொத்திய கைக்குள்ளேயே நான் தலையாட்டினேன். மேஜைக்கு அடியில் மறுபடி ஆட்டம் தொடங்கியது. மறுபடி "அவுட்!" அம்முவும் மூன்று தடவை அவுட். ஷீபா என் தோளைப் போட்டுக் கிள்ளு கிள்ளென்று கிள்ளினாள். அந்தத் தடம் இரண்டு நாள் இருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பழத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மஞ்சள் ஃபிராக் முழுக்க மாம்பழக் கறையோடு மீனு என் மடியில் சாய்ந்துகொண்டு வருத்தமாகச் சொன்னாள்:

"அம்மா, நான் இன்னைக்குப் பதினொரு தடவை தோத்துட்டேன்."

இக்காவுக்குத் தெரிந்துபோனது

அடுத்த நாள் மீனுவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பதினொரு துண்டு என்றால் சும்மாவா, எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இக்கா வழக்கம்போல ஒரு பேரக்காவை எடுத்து, இந்தத் தடவை நேராக மீனு கையிலேயே கொடுத்தார். "மோளே, போன வாரம் கொடுத்த சப்போட்டா எப்படி இருந்தது?" என்றும் கேட்டார். நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், ஒன்றும் பலிக்கவில்லை. மீனு அரிச்சந்திரன் பேத்தி. "அதை அம்மாதான் தின்னாங்க. நீங்க கொடுக்கிறதெல்லாம் அம்மாதான் தின்னுவாங்க" என்றாள்.

இக்கா தராசை நிறுத்தினார். என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அதுதானே பார்த்தேன்! மோளுக்குன்னு கொடுத்தேன், வளர்ந்தது அம்மா!"

பேரக்காவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மீனு இப்போது தினமும் என்னைப் போட்டிக்குக் கூப்பிடுகிறாள், நானோ 'தின்னு' என்ற சொல் வாயைத் தாண்டி வந்துவிடாதபடிக்கு என் வாயிலும் ஒரு சப்போட்டாவைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.